கட்டாய உழைப்பு எது? தன்னுரிமைவாதமும் எட்டேகால் ரூபாய்க் கூலியும்



'லிபர்ட்டேரியனிசம்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே முதல் சிக்கல். 'தாராளவாதம்' வேறொன்றுக்கு வழங்கிவிட்டது. 'விடுதலை'யோ மக்கள் சிறை சென்றும் உயிர் கொடுத்தும் பெற்ற சொல். அதைச் சொத்துரிமைக்குத் தாரை வார்க்க மனம் ஒப்பவில்லை. ஆகவே இங்கே 'தன்னுரிமைவாதம்' என்றே கொள்ளப்படுகிறது. மூலச் சொல்லின் வரலாறும் விந்தையானது. 1857இல் அதை அரசியல் பொருளில் கையாண்ட ஜோசப் தெஜாக் தனிச்சொத்தையே எதிர்த்த பிரெஞ்சு அராஜகவாதி. அடுத்த நூற்றாண்டில், அமெரிக்காவில், அது சொத்தின் காவலர்கள் கைக்குப் போய்விட்டது.

அக்கொள்கையை அதன் வலிமையான வடிவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். பலவீனமான வாதத்தை வீழ்த்துவதில் பெருமை இல்லை. அந்த வலிமையான வடிவம் ராபர்ட் நோசிக் 1974இல் வெளியிட்ட 'அராஜகம், அரசு, உட்டோப்பியா' என்ற நூலில் இருக்கிறது. மனிதன் தனக்குத் தானே உடைமையாளன். அவன் உடலும் உழைப்பும் பிறருக்குரியவை அல்ல. நேர்மையாக ஈட்டியதை விருப்பத்தோடு கைமாற்றினால், விளையும் ஏற்றத்தாழ்வு எவ்வளவாயினும் அது நீதியே. கூடைப்பந்து வீரர் சேம்பர்லினின் ஆட்டத்தைக் காண பத்து லட்சம் பேர் தலைக்கு 25 சென்ட் கொடுக்கிறார்கள். பருவ முடிவில் அவரிடம் இரண்டரை லட்சம் டாலர் சேர்கிறது. இதில் யாருக்கு அநீதி என்று கேட்கிறார் நோசிக். எனவே வன்முறை, திருட்டு, மோசடி ஆகியவற்றைத் தடுப்பதும் ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதும் தவிர அரசுக்கு வேலை இல்லை. உழைப்பின் வருவாய் மீதான வரி, கட்டாய உழைப்புக்கு ஒப்பானது.

இக்கொள்கையில் ஏற்கத்தக்கதும் உண்டு. விசாரணையின்றிச் சிறையில் அடைப்பதையும் கருத்துக்கு விலங்கிடுவதையும் ஓர் உண்மையான தன்னுரிமைவாதி எதிர்த்தே தீர வேண்டும். ஆனால் நம் நாட்டில் சந்தைச் சுதந்திரத்துக்காக உரத்துப் பேசுவோரில் எத்தனை பேர் ஊபா சட்டம் பற்றி வாய் திறந்தார்கள் என்பது வேறு கதை.

கேள்வி ஒரே இடத்தில் குவிகிறது: கட்டாயம் என்பது எது? வரி கட்டாயம் என்றால் பசி என்ன? நோசிக்கின் நூல் வெளிவந்து எட்டு ஆண்டுகளில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் இக்கேள்வி நின்றது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக டெல்லியில் அரங்குகளும் மேம்பாலங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசாவிலிருந்து ஜமேதார்கள் வழியே தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமேதார் தலைக்கு ஒரு ரூபாய் கழித்துக்கொண்டார். தொழிலாளியின் கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. நோசிக்கின் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். யாரும் யாரையும் சங்கிலியால் கட்டி இழுத்து வரவில்லை. தொழிலாளி தானே வந்தான், கொடுத்ததை வாங்கினான். விருப்பக் கைமாற்றம் முழுமையாக நடந்தேறியிருக்கிறது! நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. உடல் வலிமையாலும் சட்டத்தாலும் மட்டுமன்றி, பசியாலும் வறுமையாலும் வேறு வழியின்றி ஒருவன் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க நேர்ந்தால், அதுவும் அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. அப்பிரிவு அரசை மட்டுமின்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும் என்றும் கூறியது. உழைப்பாளி இரண்டு பொருளில் சுதந்திரமானவன் என்று மார்க்ஸ் 'மூலதன'த்தில் எள்ளலோடு குறித்தது இதைத்தான்: தன் உழைப்புச் சக்தியை விற்கும் சுதந்திரம் ஒன்று, விற்பதற்கு வேறெதுவுமே இல்லாத 'சுதந்திரம்' மற்றொன்று.

நோசிக்கிடம் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அவரது பெயரைச் சொல்வோர் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. சொத்து நேர்மையாக ஈட்டப்பட்டதா என்பதை அவர் விட்டுவிடவில்லை. பழைய அநீதிகள் மிகப் பெரியவையாயின், அவற்றைச் சரிசெய்யக் குறுகிய காலத்துக்கேனும் விரிவான அரசு தேவைப்படலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 1793இல் காரன்வாலிஸ் ஒரே உத்தரவால் வங்காளத்தின் ஜமீன்தார்களை நிலவுடைமையாளர்கள் ஆக்கினார். தலைமுறை தலைமுறையாக உழுதவனின் உரிமை ஏட்டில் ஏறவே இல்லை. சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டவர்களின் கணக்கு அதனினும் நீளமானது. அவர் தத்துவத்தை அவர் சொன்னபடியே இந்தியாவில் கடைப்பிடித்தால், நிலச்சீர்திருத்தத்தை எதிர்க்க அதில் ஒரு வாக்கியமும் கிடைக்காது.

இந்திய நடைமுறையோ குறுகிய அரசைக்கூட விரும்பியதில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, குஜராத் அரசு ஆலைகளில் 12 மணி நேர வேலையை அனுமதித்து, மிகை நேரத்துக்கான இரட்டிப்புக் கூலியையும் எடுத்துவிட்டது. அரசு ஒதுங்கி நின்று இருதரப்பும் பேசிக்கொள்ளட்டும் என்று விடவில்லை. தன் ஆணை அதிகாரத்தை எடுத்து முதலாளியின் கையில் வைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்து, மிகை நேரக் கூலியைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க உத்தரவிட்டது.