நீலம் பாரிப்பது ஏன்?

 

கோர்படியில் இருப்பவர்களுக்கு ரயிலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. லோகோ ஷெட் இங்கேயே இருக்கிறது. எஞ்சின் ஓடினால் தேயும். தேய்ந்தால் ஷெட்டுக்கு வரும். பிட்டர் கை வைப்பார். மறுபடியும் ஓடும். பிட்டர் ஒருவரும் வேலைக்கு வரவில்லை என்று வையுங்கள். என்ன ஆகும்? எஞ்சின்கள் இருக்கும். ஆனால் இழுக்காது. வரிசையாக நிற்கும்.

நம் இரத்தத்திலும் இப்படி ஒரு பிட்டர் உண்டு. இன்றைய பேச்சு அவரைப் பற்றித்தான்.

இரத்தம் ஏன் சிவப்பாக இருக்கிறது? அதில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. அணுவுக்குள்ளே ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. அதில் இரும்பு இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அது இதற்காகத்தான். நாம் மூச்சு இழுக்கிறோம். காற்றில் உள்ள ஆக்சிஜன் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஹீமோகுளோபின் அதை ஏற்றிக் கொள்கிறது. கை, கால், மூளை எங்கும் கொண்டுபோய் இறக்குகிறது. இதில் இரும்புதான் கொக்கி. ஆக்சிஜன் அதில்தான் மாட்டிக் கொள்கிறது.

ஆனால் இரும்பின் குணம் நமக்குத் தெரியும். மழையில் கிடந்தால் துரு ஏறும். ஹீமோகுளோபினில் உள்ள இரும்புக்கும் கிட்டத்தட்ட அப்படி ஒரு மாற்றம் வருகிறது. அது நிஜத் துரு அல்ல. புரிவதற்காக அப்படிச் சொல்லலாம். மாறிய கொக்கியில் ஆக்சிஜன் மாட்டாது. இப்படி மாறிய ஹீமோகுளோபினுக்கு மெத்ஹீமோகுளோபின் என்று பெயர். ஆரோக்கியமான உடம்பிலும் ஒரு நாளைக்கு நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இப்படி மாறுகிறது.

அப்படியானால் இரண்டு மாதத்தில் எல்லாமே கெட்டுப் போக வேண்டுமே? கெடுவதில்லை. நூற்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்பதே இல்லை. காரணம் அந்தப் பிட்டர். அது ஒரு நொதி. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறது அல்லவா? எச்சிலில் உள்ள ஒரு நொதி செய்யும் வேலை அது. அதுபோல இரத்த அணுவில் இருக்கும் இந்த நொதி, மாறிப்போன இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டு வருகிறது. இதன் பெயர் சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ். வாயில் நுழையாத பெயர்தான். பெயரை மறந்தாலும் பரவாயில்லை.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவாக இருக்கும். அவர்கள் இரத்தம் செக்கச் சிவப்பாக இருக்காது. காபி டிக்காஷன் போலப் பழுப்பாக இருக்கும். உதடும் நகமும் நீலமாகத் தெரியும். நம் ஊர்களில் நீலம் பாரித்தால் விஷம் என்பார்கள். குழந்தை நீலமாக இருந்தால் இதயத்தில் ஓட்டை என்பார்கள். இதயத்தை முதலில் பார்க்க வேண்டியதுதான். அதில் தவறில்லை. ஆனால் இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்தும் நீலம் போகவில்லை என்றால், இரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. ஒரு சொட்டு இரத்தத்தை வெள்ளைத் தாளில் விட்டால், சாதாரண இரத்தம் காற்றுப் பட்டுச் சிவக்கும். இந்த இரத்தம் பழுப்பாகவே நிற்கும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய கருவியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மெத்ஹீமோகுளோபின் மிகுந்தவர்களுக்கு அந்தக் கருவி சரியாகக் காட்டாது. பெரும்பாலும் 85 பக்கத்திலேயே நிற்கும். ஆக்சிஜன் கொடுத்தாலும் அந்த எண் ஏறாது. முடிவாகச் சொல்வது இரத்தச் சோதனைதான். மும்பை பரேலில், கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில், இரத்த நோய்களை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. இந்த நொதி குறைந்த இந்தியக் குடும்பங்களை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். இது ஏதோ வெளிநாட்டு நோய் அல்ல.

வெளிநாட்டுக் கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி என்ற மலை நாடு. 1820 வாக்கில் மார்ட்டின் பியூகேட் என்பவர் அங்கே குடியேறினார். அவர் பிள்ளைகளில் சிலர் நீலமாகப் பிறந்தார்கள். வெளியே போகப் பாதை இல்லாத பள்ளத்தாக்கு. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக நீல மனிதர்கள் பிறந்தார்கள். ஊரார் பார்வைக்குக் கூசி அவர்கள் ஒதுங்கி வாழ்ந்தார்கள். 1960-களில் மேடிசன் கேவின் என்ற மருத்துவர் அவர்களைத் தேடிப் போனார். மெத்திலீன் புளூ என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார். அது ஒரு நீலச் சாயம்! நீல மனிதருக்கு நீல மருந்தா என்று அவர்கள் திகைத்திருப்பார்கள். சில நிமிடங்களில் தோல் இளஞ்சிவப்பாக மாறியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. துணிக்குப் போடும் நீலம் வேறு, இந்த மருந்து வேறு. இதையும் மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். ஜி6பிடி என்ற இன்னொரு நொதி குறைந்தவர்களுக்கு இந்த மருந்து இரத்த அணுக்களை உடைத்துவிடும்.

பெண் கொடுத்து எடுப்பதைச் சொன்னோம். அக்காள் மகளைக் கட்டுவதும், மாமன் மகளைக் கட்டுவதும் நம்மிடமும் வழக்கம். தாய், தந்தை இருவரிடமும் இந்தக் குறையின் பாதி மறைந்து இருக்கலாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இருவரின் பாதியும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நீலம் வெளிப்படும். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இது தாயின் குற்றம் அல்ல. கிரகணத்தின் குற்றமும் அல்ல. பலருக்கு நீலம் தவிர வேறு பெரிய தொல்லை இருக்காது. கென்டக்கியின் லூனா என்ற நீலப் பெண் 13 பிள்ளைகளைப் பெற்று 84 வயது வரை வாழ்ந்தாள். ஆனால் இன்னொரு வகை உண்டு. அது அரிது, கொடியது. அதில் உடம்பு முழுவதும் இந்த நொதி குறையும். குழந்தையின் மூளை வளராது.

பிறவிக் குறை இல்லாதவர்களுக்கும் ஆபத்து வரலாம். பிட்டர் ஒருவர், பழுது ஆயிரம் என்றால் அவர் என்ன செய்வார்? சில சாயப் பொருள்கள், நைட்ரோபென்சீன் போன்ற ரசாயனங்கள் இப்படிச் செய்யும். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரையும் சிலருக்கு இப்படிச் செய்யும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தக் கூடாது. உதடு நீலமானால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எல்லோரையும் விடக் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். பிறந்த குழந்தையிடம் இந்த நொதி பெரியவர்களுக்கு இருப்பதில் பாதிதான் இருக்கும். வயலில் போடும் உரமும், கழிவுக் குழியின் ஊறலும் கிணற்றில் இறங்குகின்றன. தண்ணீரில் நைட்ரேட் என்ற உப்பு சேர்கிறது. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் குழந்தை நீலம் பாரிக்கலாம். 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு மருத்துவர் இதை முதலில் எழுதினார். நம் நாட்டில் குடிநீர் ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்று விதி உண்டு.

தண்ணீரைக் காய்ச்சினால் போதாதா என்று கேட்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் மீதித் தண்ணீரில் அது இன்னும் கூடும். துணியில் வடிகட்டினாலும் போகாது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆகவே கிணறோ போர்வெல்லோ இருந்தால் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். அந்த ஆறு மாதத்தில் தண்ணீரும் தேவையில்லை.