டில்லிக் கணக்கும் மலைக் கணக்கும்

(ஏற்காட்டில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மக்கள் பிரதிநிதிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். இன்ன கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஓட்டுப் போட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஏனென்றால், ஓட்டுப் போடும் நாளில் விழித்திருக்கும் நம் சமுதாயம், அதற்கு மறுநாளிலிருந்து ஐந்தாண்டுகள் தூங்கிவிடுகிறது.

ஒரு வியாபாரி கடனுக்குச் சரக்குக் கொடுத்தால் பேரேட்டில் எழுதி வைக்கிறான். வாரம் ஒரு முறை புரட்டிப் பார்க்கிறான். ஆனால் சரக்கையெல்லாம்விட விலை உயர்ந்த அமானிதமாகிய வாக்கைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு வரிகூட நாம் எழுதி வைப்பதில்லை. இது நியாயமா?

யாரிடம் எதைக் கேட்பது?

மதரஸாவில் எங்களுக்கு ஃபராயிள், அதாவது வாரிசுப் பங்கீட்டுக் கணக்கு, சொல்லித் தந்தார்கள். அந்தக் கணக்கில் முதல் வேலை பங்கைப் பிரிப்பதல்ல. யார் யார் வாரிசு என்று அறிவதுதான் முதல் வேலை. அதில் பிழை வந்தால், அதற்குப் பின் போடும் கூட்டல் கழித்தல் எல்லாம் பிழை. அரசியலிலும் அப்படித்தான். யாரிடம் எது இருக்கிறது என்று தெரியாமல் மனுக் கொடுத்தால், அந்த மனு குப்பைக்குத்தான் போகும்.

இந்த மலையின் நிலையைப் பாருங்கள். ஏற்காடு தனி வட்டம்; மாவட்டம் சேலம். ஆனால் 2008 இன் தொகுதி மறுவரையறைப்படி நாடாளுமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி. ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கும். கள்ளக்குறிச்சி 2019 இல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆக, உங்கள் எம்.பி. இரண்டு மாவட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சேலத்தில் கூட்டம் நடந்தால், அங்கே முதலில் நினைவுக்கு வருகிறவர் சேலம் எம்.பி. கள்ளக்குறிச்சியில் கூட்டம் நடந்தால், அங்கே ஏற்காடு தொலைதூரத்து ஊர். இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த கதையாக இந்த மலை ஆகிவிடக் கூடாது.

சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் அப்படிப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றொன்று கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம். நம் இளைஞர் சிலர் கேட்கிறார்கள்: “ஹஸ்ரத், இங்கே நம்மவர் நிற்கவே முடியாதே, பிறகு நமக்கென்ன அரசியல்?” தம்பி, இந்த ஒதுக்கீடு மலையாளிப் பழங்குடி மக்களின் நியாயமான உரிமை. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியவர்கள் அவர்கள். அவர்கள் மிளகு பறித்தால்தான் உன் கடையில் தராசு ஆடும். அவர்கள் வீட்டில் கல்யாணம் வந்தால்தான் உன் ஜவுளி விற்கும். நிற்க முடியாது என்பது உண்மை. கேட்க முடியாது என்பது பொய்.

2013 சொல்லும் பாடம்

2013 ஜூலையில் ஏற்காடு சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் காலமானார். டிசம்பர் 4 ஆம் தேதி இடைத்தேர்தல். இந்த மலை அதுவரை கண்டிராத கூட்டத்தைக் கண்டது. அமைச்சர்கள் முகாமிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கொடி கட்டிய கார்கள் வரிசையாக ஏறின. மக்களும் சும்மா இருக்கவில்லை. சுமார் 89 விழுக்காடு வாக்குப் பதிவானது. பெருமாளின் மனைவி சரோஜா 1,42,771 வாக்குகள் பெற்று, தி.மு.க. வேட்பாளர் மாறனை 78,116 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எவருக்கும் வாக்கில்லை என்ற ‘நோட்டா’ பொத்தானை 4,431 பேர் அழுத்தினார்கள்.

பிறகு? எண்ணிக்கை முடிந்தது, கார்கள் இறங்கிவிட்டன. இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு மாதம் நம்மைத் தேடி வந்தவர்களை, அடுத்து வந்த மாதங்களில் நாம் தேடிப் போனோமா என்பதுதான் கேள்வி.

டில்லியில் நடப்பது மலைக்கு எப்படி வருகிறது?

“டில்லியில் என்ன நடந்தால் எனக்கென்ன, என் கடை ஏற்காட்டில் இருக்கிறது” என்று சொல்லும் வணிகருக்கு மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, காபி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. ஆனால் அதை யாருக்கு விற்பது என்று முடிவு செய்தது டில்லி. 1942 இன் காபிச் சட்டப்படி, விளைந்த காபியை வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. உள்ளூர் வியாபாரி நேரே வாங்க வழியில்லை. 1992 முதல் அந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து, 1996 இல் காபி முழுமையாகத் திறந்த சந்தைக்கு வந்தது. இன்று ஒரு வியாபாரி தோட்டக்காரரிடம் நேரே விலை பேசுகிறார் என்றால், அந்த வாசல் திறந்தது டில்லியில்.

2022 ஜனவரியில் மத்திய வர்த்தக அமைச்சகம் காபி, தேயிலை, ரப்பர், நறுமணப் பொருள்கள் ஆகிய நான்குக்கும் புதிய சட்ட வரைவுகளை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நம் காபியும் நம் மிளகும் அதில் அடக்கம். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் ஒரு கடிதம் எழுதினோம்? எத்தனை பேருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியும்?

இரண்டாவது, நிலமும் சான்றிதழும். வன உரிமைச் சட்டம் 2006 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. காட்டில் தலைமுறைகளாக உழுது வாழ்ந்தவர்களின் உரிமையை ஏற்ற சட்டம் அது. பழங்குடிப் பட்டியலும் அப்படியே. அதில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால்தான் முடியும். மலையாளி மக்கள் சேலம், தர்மபுரி போன்ற மாவட்டங்களின் பெயரால் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள், மாவட்டப் பெயர் அந்த வரியில் இல்லாத காரணத்தால், பழங்குடிச் சான்றிதழுக்காகப் பல்லாண்டுகள் போராடி வந்தார்கள். ஒரே இனம், ஒரே பழக்கவழக்கம். காகிதத்தில் ஒரு சொல் குறைந்ததால் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் தடைப்பட்டன. சட்டம் இயற்றும் இடத்தில் ஒரு சொல்லின் விலை என்ன என்று புரிகிறதா?

மூன்றாவது, வக்ஃப். இது நம் வீட்டுக் கதவைத் தட்டிய விஷயம். 1952 இல் சையத் முஹம்மது அஹ்மத் காஸ்மி என்ற உறுப்பினர் மக்களவையில் முஸ்லிம் வக்ஃப் மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அவர் அமைச்சர் அல்லர். ஆனாலும் அந்த மசோதா 1954 இல் சட்டமாயிற்று. சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்தில் சட்டமான முதல் தனிநபர் மசோதா அதுதான். அதற்குப் பிறகு எண்ணற்ற தனிநபர் மசோதாக்கள் வந்தன. 1970 வரை மொத்தம் 14 மட்டுமே சட்டமாயின. அதன்பின் நெடுங்காலம் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரு தனி உறுப்பினரின் உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும், அது எவ்வளவு அரிது என்பதற்கும் இதுவே சான்று.

அதே வக்ஃப், 2025 ஏப்ரலில் மீண்டும் மக்களவைக்கு வந்தது. திருத்த மசோதாவுக்கு ஆதரவு 288, எதிர்ப்பு 232. மாநிலங்களவையில் 128, 95. ஏற்காட்டு வாக்காளரின் 2024 ஆம் ஆண்டு வாக்கு எங்கே போய் நின்றது என்று பாருங்கள். அந்தத் தேர்தலில் கள்ளக்குறிச்சியில் வென்றவர் தி.மு.க.வின் மலையரசன். அவருடைய கட்சி மசோதாவை எதிர்த்தது. 2021 இல் ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் வென்றவர் அ.தி.மு.க.வின் சித்ரா. அவருடைய கட்சியும் எதிர்த்தது. அதற்கு முன்பே, 2025 மார்ச் 27 ஆம் தேதி, தமிழ்நாடு சட்டமன்றம் மசோதாவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஊர்த் தேர்தலில் எதிரும் புதிருமாக நிற்கும் இரு கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றன. இதையும் பேரேட்டில் எழுத வேண்டும். வரவை எழுதாமல் பற்றை மட்டும் எழுதுகிறவன் நேர்மையான கணக்குப்பிள்ளை அல்லன்.

ஆனால் எதிர்த்து ஓட்டளித்ததோடு வேலை முடிந்துவிட்டதா? சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 15 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. சட்டம் முழுவதையும் நிறுத்தவில்லை. வக்ஃப் சொத்துக்களை இணையத்தில் பதிவதற்கான ஆறு மாதக் கெடு டிசம்பரில் முடிந்தது. பதியாதவர்கள் அவகாசம் கேட்டுத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியதாயிற்று. ஜமாஅத் நிர்வாகிகளே, அந்த வேலையை எந்த எம்.பி.யும் வந்து உங்களுக்காகச் செய்ய முடியாது. பழைய பத்திரத்தைத் தேடி எடுப்பது நம் வேலை. டில்லியில் அவர் கடமை, ஊரில் நம் கடமை.

மாவட்டத்தில் நடப்பது

இனி மலைக் கணக்குக்கு வருவோம். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. 1993 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. பெரிய தொகையாகத் தெரிகிறது அல்லவா? ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சமமாகப் பங்கு வையுங்கள். தொகுதிக்கு 83 லட்சம்தான் வரும். பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு 7.5 விழுக்காடு பரிந்துரைக்க வேண்டும் என்கின்றன விதிகள். அதாவது 37.5 லட்சம். அதிலும் கல்வராயன் மலைக்கும் பங்கு உண்டு. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம்தான் அனுமதித்து வேலையை நடத்தும். வழிபாட்டுத் தலங்களுக்குள் அந்தப் பணத்தைச் செலவிட விதியில் இடமில்லை. ஆகவே, பள்ளிவாசல் சுவருக்கு நிதி கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பள்ளிக்கூட வகுப்பறை, குடிநீர்த் தொட்டி, ஆம்புலன்ஸ் கேளுங்கள். அதனால் எல்லாச் சமூகமும் பயன்பெறும். கேட்டவருக்கும் மதிப்பு உயரும்.

சாலை வேறு கணக்கு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பாதை ஒன்று. குப்பனூர் வழி மற்றொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது என்ன ஆயிற்று? காய்கறி ஏறவில்லை, சரக்கு இறங்கவில்லை, சுற்றுலாப் பயணி வரவில்லை. கடைக்காரருக்கு அன்றாட வரவு நின்றது. தோட்டக் கூலிக்கு அடுப்பு நின்றது. பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணைச் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் நிலைமை என்னவாகும், சிந்தியுங்கள். இதை எம்.பி.யிடம் கேட்டால் அவரால் சிபாரிசு செய்ய முடியும், அவ்வளவுதான். மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை இது. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பி, மழைக்கு முன்பே தடுப்புச் சுவரும் வடிகாலும் சரிபார்க்க வைக்க வேண்டியவர் எம்.எல்.ஏ. மழை வந்த பிறகு பார்வையிட வருவது ஆறுதல். மழைக்கு முன் நிதி வாங்கித் தருவதுதான் பணி.

செய்ய வேண்டியவை

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கையில் ஆளுக்கொரு செல்போன் வைத்திருக்கிறீர்கள். மக்களவையின் இணையதளத்தில் உங்கள் உறுப்பினரின் பெயரைத் தேடுங்கள். எத்தனை கேள்வி கேட்டார், எந்தத் துறையைக் கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று எல்லாம் இருக்கும். கட்சிக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டாம், எதிர்க்கட்சிக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பதிவைப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் டில்லி, வலப்பக்கம் மாவட்டம் என்று எழுதி வையுங்கள்.

வணிகர்களே, நாடாளுமன்றக் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நாளில் மக்களவையில் வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகளும், எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகளும் பட்டியலில் இடம் பெறுகின்றன. அந்த 250 இல் சேர்வராயன் மலையின் மிளகைப் பற்றி, காபியைப் பற்றி ஒரு கேள்வி வர வேண்டுமானால், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் கடிதம் அவர் மேசையில் இருக்க வேண்டும். மாலையும் பொன்னாடையும் அல்ல, ஒரு பக்கக் கடிதம். விவரம், தேதி, தொகை, எந்தத் துறை என்று தெளிவாக. நகல் நம்மிடம் இருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில் நம் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது. மலையாளி விவசாயியின் கையெழுத்து, தோட்டத் தொழிலாளியின் கையெழுத்து, பக்கத்துக் கடை இந்து சகோதரரின், கிறிஸ்தவ சகோதரரின் கையெழுத்து எல்லாம் சேர வேண்டும். ஆறு தொகுதிகளின் வாக்காளர்களில் ஏற்காட்டு முஸ்லிம்கள் ஒரு கைப்பிடி. ஆனால் இந்த மலை முழுவதும் ஒரு கடிதத்தில் நின்றால், அதை ஒதுக்கிவிட எந்தக் கட்சிக்கும் துணிவு வராது. நம்முடைய கோரிக்கை அனைவரின் கோரிக்கையாகும்போதுதான் அதற்குப் பலம் உண்டு. அவர்களின் நிலப் பிரச்சினைக்கு நாம் கையெழுத்திட்டால்தான், நம் வக்ஃப் பிரச்சினைக்கு அவர்கள் கை நீளும்.

பிரதிநிதி நல்லது செய்தால் நன்றி சொல்லுங்கள். அதையும் எழுத்தில் சொல்லுங்கள். செய்யாவிட்டால் மரியாதையோடு நினைவூட்டுங்கள். அடுத்த தேர்தலில் அவர் இந்த மலையேறி வரும்போது, கோஷத்தோடு நிற்காதீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். “ஐயா, இது நாங்கள் கேட்டது, இது நீங்கள் செய்தது, இது பாக்கி” என்று பிரித்துக் காட்டுங்கள்.

கணக்குக் கேட்கத் தெரிந்த வாடிக்கையாளரிடம் எந்தக் கடைக்காரரும் எடை குறைக்க மாட்டார். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள்.