தோல் டாக்டர் ஆவது எப்படி?

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் பூக் கட்டி விற்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். எந்நேரமும் ஈரத்தில் கை. இடுப்பில் வட்ட வட்டமாகப் படை. மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். இரண்டு நாளில் அரிப்பு அடங்கியது. பிறகு படை முன்னைவிடப் பெரிதாகப் பரவியது.

ஏன்? அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. அது அரிப்பை அடக்கும். படையை உண்டாக்கும் காளானைக் கொல்லாது. வளரவே விடும்.

ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்டாள்: "அம்மா, நான் தோல் டாக்டர் ஆக முடியுமா?"

முடியும். வழி இதுதான்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்க வேண்டும். பிறகு நீட் தேர்வு. அதை வங்காள மொழியிலும் எழுதலாம். தேறி இடம் கிடைத்தால் எம்.பி.பி.எஸ். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சி. அதற்குப் பிறகு இன்னொரு நுழைவுத் தேர்வு. அதில் தேறி, எம்.டி. மூன்று வருடம். தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் ஒரே படிப்பு. மொத்தம் எட்டரை வருடம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. தனியார் கல்லூரியில் பல லட்சம் ஆகும்.

அழகு நிலையத்தில் சில மாதம் பயிற்சி பெற்றவர் தோல் டாக்டர் ஆகமாட்டார்.

பட்டம் மட்டும் போதுமா? போதாது. உற்றுப் பார்க்கும் கண் வேண்டும். பொறுமையாகக் கேட்கும் குணம் வேண்டும்.

இதே கல்கத்தாவில் நடந்ததைக் கேளுங்கள். வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் டாக்டர் கே.சி. சாஹா என்ற தோல் மருத்துவர் இருந்தார். 1983-ல் கிராமத்து மக்கள் சிலர் அங்கே வந்தார்கள். உடம்பில் மழைத்துளி தெளித்தது போல் புள்ளிகள். உள்ளங்கையில் தடித்த முடிச்சுகள். களிம்பு கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. காரணத்தைத் தேடினார். அவர்கள் குடித்த குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது தெரியவந்தது. அந்த நஞ்சுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தோலைப் பார்த்த கண், ஊர்த் தண்ணீரின் குறையைக் கண்டுபிடித்தது.

இன்னொன்று, தொட்டுப் பார்க்கும் மனம். உணர்ச்சி இல்லாத வெளிர்ந்த தேமல் தொழுநோயாக இருக்கலாம். டாக்டர் அதைத் தொட்டுச் சோதிப்பார். அருவருப்புப் படமாட்டார். ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

அந்த மகள் டாக்டராகப் பல வருடம் ஆகும். அதுவரை தாய் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். பழைய களிம்பு டப்பாவையும் கையோடு எடுத்துப் போகட்டும். அதில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். கற்ற எழுத்து அதற்கும் உதவும்.