அரிசி இருந்தும் பட்டினி

வெள்ளக் காலத்துக்கு வீட்டில் என்ன இருப்பு வைப்பது என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் அரிசி, பருப்பு என்பார்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் ஜனங்கள் மாடியில் முடங்கிக் கிடந்தார்களே, அவர்கள் வீட்டில் அரிசி இல்லாமலா போனது? கரண்ட் போனது. கரண்ட் போனதும் மோட்டார் நின்றது, குழாய் வறண்டது. இண்டக்‌ஷன் அடுப்பை நம்பியவர்களுக்கு அடுப்பும் அவிந்தது. சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர், உலை வைக்க ஒரு குடம் இல்லை. ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அவசர இருப்பு என்பது அடுப்பும் கரண்டும் இல்லாமல் உண்ணக்கூடியதாக இருக்க வேண்டும்.

அதற்கு வெளிநாட்டு டப்பா உணவைத் தேட வேண்டாம். அவல் ஏற்கெனவே வெந்த பண்டம். பச்சைத் தண்ணீரில் ஊறினால் போதும். கூடவே பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சை. நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு மூன்று நாளுக்கு இரண்டரைக் கிலோ அவல், ஒன்றேகால் கிலோ பொட்டுக்கடலை, அரைக் கிலோ வெல்லம் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாகாது, உயிர் தாங்கும். தண்ணீர்தான் பெரிய பாடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்றால் முப்பத்தாறு லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் இரண்டு. நம் வீடுகளில் புயல் அறிவிப்பு வரும் நாளில்தான் கேன் காலியாகி வாசலில் நிற்கும்! கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கொடுக்கும் வீட்டில் மட்டும் அடுப்பில்லாமல் முடியாது. கொதிக்கவைத்த தண்ணீர் வேண்டும். அவர்கள் ஒரு சின்ன சிலிண்டரைத் தனியே வைத்திருப்பது நல்லது. எல்லாவற்றையும் பரணில் வையுங்கள். சிங்க்குக்கு அடியில் வைத்தால் முதலில் சாக்கடைத் தண்ணீர்தான் அதைச் சாப்பிடும்.

"அரசு கொடுக்காதா?" என்பார்கள். கொடுக்கும், ஆனால் வந்துசேர நேரமாகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு ஹெலிகாப்டரில் வந்து உணவு போட வேண்டியிருந்தது. ஊருக்கே தெரிந்த ரயிலுக்கு அந்தப் பாடு என்றால், மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு எப்போது வருவார்கள்? "இது பதுக்கல் அல்லவா?" என்பார்கள் வேறு சிலர். புயல் கரையை நெருங்கும்போது பத்துப் பாக்கெட் பால் அள்ளுவதுதான் பக்கத்து வீட்டுக்காரன் பங்கைப் பறிப்பது; ஆடியிலும் ஆவணியிலும் மாதம் கொஞ்சமாக வாங்குபவரால் கடையில் தட்டுப்பாடு வராது. கெட்டுப்போகும் என்ற கவலைக்கும் வழி உண்டு. பழையதை எடுத்து இந்த வாரம் அவல் உப்புமா செய்துவிட்டு, புதியதை அடியில் வையுங்கள்.

அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் வீட்டுக்கு இதெல்லாம் எப்படி என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் லேசான பதில் இல்லை. அவர்கள் கையில் காசைத் திணிக்காமல் சேமிக்கச் சொல்வது அக்கிரமம். ரேஷன் கடையில் அரிசி தருகிற அரசு, ஐப்பசி பிறக்குமுன் தாழ்வான பகுதி அட்டைகளுக்கு அவலும் பொட்டுக்கடலையும் சேர்த்துத் தரட்டும். இந்த மன்றத்தின் பெயரில் அந்தக் கோரிக்கையை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பத் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.