பத்தாயத்துக்குக் கீழே



கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கிற பத்தாயம் இன்னும் ஒன்றிரண்டு மிச்சமிருக்கிறது. உள்ளே நெல் இருக்காது. பழைய பேப்பரும் ஓடாத ஃபேனும் கிடக்கும். சிறு வயதில் எங்களுக்கு ஒளிந்து விளையாட அதன் அடிப்பக்கம்தான். பிள்ளைகள் தவழ்ந்து போகிற உயரம். தேங்காய் கிடக்கும், பூனை குட்டி போட்டிருக்கும். கார்த்திகை அடைமழையிலும் அந்தத் தரை மட்டும் காய்ந்தே இருக்கும்.

நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்கைத் தாண்டினால் பூசணம் வைக்கும், உள்ளுக்குள் சூடேறும். அதனால்தான் பத்தாயத்தைத் தரையோடு ஒட்டவிடாமல் காலில் நிறுத்தினார்கள். அடியில் காற்று ஓடும். செல் ஏறினாலும் காலில் மண் கோடு போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும், அது கண்ணில் பட்டுவிடும். எங்கள் ஆச்சி சாயங்காலம் விளக்கோடு குனிந்து நாலு காலையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

அமெரிக்காவில் பல மர வீடுகளே இந்தப் பத்தாயம் மாதிரிதான். மண்ணுக்கும் தரைப்பலகைக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போக இடம் விட்டிருப்பார்கள். ஈரம் போக அதன் சுற்றுச்சுவரில் காற்றுத் துவாரம் வைப்பது வெகுகால வழக்கம். ஆனால் வட கரோலினா போன்ற புழுக்கமான இடங்களில் ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கோடையில் துவாரம் வழியாக நுழைந்த ஈரக்காற்று, உள்ளேயிருந்த குளிர்ந்த மரத்தில் பட்டு வேர்த்துவிட்டது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்பக்கம் வேர்க்குமே, அதே கதை. மண்மேல் பிளாஸ்டிக் விரித்து, துவாரத்தையும் அடைத்த வீடுகள்தான் நன்றாகக் காய்ந்திருந்தன. ஆக, காற்று வந்தால் போதாது. வருகிற காற்று எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் தாமிரபரணி ஆறு தெருவுக்கு வந்துவிட்டது. ஆற்றை ஒட்டிய எங்கள் மதினி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் கழுவித் தள்ளி, பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் இருக்க முடியுமா?

சித்திரையில் போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் அம்மை போட்டது மாதிரி கொப்புளம். நகத்தால் ஒன்றைக் கீறினேன். உள்ளேயிருந்து பொடி உப்பு மாவாகக் கொட்டியது. மதினி கொத்தனாரைக் கூப்பிட்டு, "அந்தப் பூச்சைக் கொத்திட்டு நல்லா சிமென்ட் வச்சுப் பூசிரும்" என்றார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூசலாம்க்கா. முழங்கால் மட்டும் நிக்கிற ஓதம் அப்புறம் இடுப்புக்கு வரும்."

அவர் சொன்னது சரி. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல்லின் நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வழியிலேயே வெளியே ஆவியாகிவிடும். சிமென்டும் பிளாஸ்டிக் பெயின்டும் பூசிவிட்டால் போக வழியின்றி மேலே ஏறும். ஏறி ஆவியாகிற இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகும், அந்த உப்புதான் பூச்சைத் தள்ளுகிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்துக்கு மேல், சுவர் எழும்பும் முன், நீர்புகாக் கலவை சேர்த்து ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் கான்கிரீட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அது கிடையாது.

நனைந்த செங்கல் சுவர் காய ஓரங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று தோராயக் கணக்கு ஒன்று உண்டு. ஒன்பது அங்குலச் சுவர் பொங்கலுக்குள் எப்படிக் காயும்? மார்கழி வாடையில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது, அதுவே ஈரக்காற்று. நமக்கென்று ஒரு காற்று இருக்கிறது: ஆடிக்காற்று. மழையைப் பொதிகையிலும் குற்றாலத்திலும் கொட்டிவிட்டு, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்த மேல்காற்று பாளையங்கோட்டைக்கு வரும்போது உலர்ந்துதான் வருகிறது. மதினியைப் பொறுக்கச் சொன்னோம். பூச்சைக் கொத்திச் செங்கல் தெரிய விட்டு, ஆனியிலும் ஆடியிலும் மேற்கு ஜன்னலையும் கிழக்கு வாசலையும் திறந்து போட்டார்கள். வீடெல்லாம் புழுதி என்று தினம் ஒரு பாட்டு கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டுத் தரை ஈரமாகவே இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு முழத்துக்கு ஒரு முழம் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து எடுங்கள். தாளின் அடிப்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம், தரை வேர்க்கிறது.

மண்ணிலிருந்து என்றால் வெளியே போய்த் தெருவைப் பாருங்கள். மதினி வீட்டுத் திண்ணைக்கு ஒரு காலத்தில் மூன்று படி இருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு இரண்டு படி உள்ளே போய்விட்டது. அதனால் தெருத்தண்ணீர் பேஸ்மட்டத்துக்கு மேலே, செங்கல் மேலேயே நின்றது. வாசலை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பியிருக்கிறோம். சுவர் காய்ந்தபின் பூசிய சுண்ணாம்புப் பூச்சு இதுவரை உப்புப் பூக்கவில்லை.

போன வாரம் மதினி போன் செய்தார்கள். தெருமுக்கில் மறுபடியும் ஜல்லி கொட்டியிருக்கிறதாம்.