பேட்டரியைத் தின்ன முடியுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



தலைப்பைக் கேட்டுச் சிரிக்கிறீங்க. ஆனா நம்ம பிள்ளைங்க பேட்டரியை வாயில போட்டுக்கிறாங்களே! பொம்மை, கைக்கடிகாரம், சின்ன ரிமோட் இதுக்குள்ள பொத்தான் மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கு. அது உணவுக்குழாயில சிக்கினா, அங்க இருக்கிற ஈரத்துல மின்சாரம் பாய்ஞ்சு காரப்பொருள் உண்டாகும். காஸ்டிக் சோடா கையில பட்டா என்ன ஆகும்னு சோப்பு போடுற குழுக்களுக்குத் தெரியும். அதே புண்தான், 2 மணி நேரத்துக்குள்ளேயே உண்டாகிடும். பேட்டரி உடையணும்னுகூட இல்லை.

தின்னாலும் கெடுதல் செய்யாத பேட்டரி ஒண்ணை இத்தாலியில மிலான் நகரத்து விஞ்ஞானிகள் 2023-ல் செய்து காட்டினாங்க. ஒரு முனைக்குப் பாதாம், பால் இதுல இருக்கிற பி2 வைட்டமின். மறுமுனைக்கு வெங்காயத்துல இருக்கிற குவெர்செட்டின். மின்சாரம் நல்லா ஓட, மருந்தாகக் கொடுக்கிற கரித்தூள். நடுவுல தடுப்புக்கு ஜப்பான்காரங்க சோற்றைச் சுற்றிச் சாப்பிடுற கடற்பாசித் தாள். தேன்மெழுகு மேல, இனிப்புல ஒட்டுற மாதிரி தங்கத் தகடு. தீர்ந்தா திரும்பச் சார்ஜ் ஏத்தலாம்.

நம்ம வீட்டு வட்ட லித்தியம் பேட்டரி 3 வோல்ட். இது 0.65 வோல்ட்தான். இவ்வளவு குறைவா இருக்கிறதாலதான் உடம்புக்குள்ள புண்ணாக்காது. அதனாலேயே ரிமோட்டுக்கும் போதாது. வயிற்றுக்குள்ள போய் நோய் பார்க்கிற கருவிகளுக்கு இது உதவும்னு ஆராய்ச்சி செய்றாங்க.

மஞ்சள்ல சோப்புத் தண்ணி பட்டா சிவக்கும் இல்லையா? அதே மாதிரி நிறம் மாறுற சிவப்பு முட்டைக்கோஸ் சாற்றை வெச்சு, ஐஸ்ல வெச்ச உணவு நடுவுல உருகிச்சான்னு காட்டுற கருவியையும் அவங்க செய்தாங்க. மீன் வாங்குறவங்களுக்கு இதோட அருமை புரியும்!

"இதை நம்ம குழு செய்யலாமா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. முடியாதுக்கா, இன்னும் ஆய்வுக்கூடத்துலதான் இருக்கு. அதுவரைக்கும் நம்ம வீட்டுல இருக்கிறது பழைய பேட்டரிதானே? பிள்ளை முழுங்கிட்டதா சந்தேகம் வந்தாலே 108-க்குப் போன் பண்ணுங்க, எக்ஸ்ரே வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாழைப்பழம், சோறு எதுவும் கொடுக்காதீங்க. ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு, விழுங்க முடிஞ்சா, போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒரு தரம் 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், 6 தரம் வரைக்கும். தேனுக்காக நேரம் கடத்தாதீங்க. ரிமோட் மூடி கழண்டிருந்தா இன்னைக்கே டேப் ஒட்டுங்க. தீர்ந்துபோன பேட்டரியிலயும் புண்ணாக்கிற அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும்.