தேர் அன்னிக்கு மட்டும் நிருபரைத் தேடாதே
(கல்லலில் இயக்கத் தோழர்கள், மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பத்திரிகைக்காரர்களோடு உறவு வச்சுக்க கம்பெனிக்காரன் சம்பளம் கொடுத்து ஆள் வச்சிருக்கான். மக்கள் தொடர்பு அதிகாரின்னு பேரு. சேரிக்கு அந்த அதிகாரி யாரு? நீங்கதான்.

கண்டதேவி நமக்குத் தூரமில்லை. 1998இல் தலித் மக்கள் தேர்வடம் பிடிக்கும் உரிமையைக் கேட்டார்கள், சேதியானது. 2024 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு தேர் ஓடியது, அதுவும் சேதியானது. தேர் அன்னிக்கு கேமரா வரும், மறுநாள் போயிடும். மற்ற 364 நாளும் டீக்கடையில, கண்மாயில, சுடுகாட்டுப் பாதையில நடப்பதை யார் எழுதுவது?

அடி விழுந்தா 'இரு தரப்பினர் மோதல்' என்று போடுகிறார்கள். அடிச்சவனும் அடிபட்டவனும் ஒரே தட்டில்! சின்ன ஊர் நிருபருக்குத் தினமும் சேதி கொடுப்பது காவல் நிலையம். விளம்பரம் கொடுப்பது கடைவீதி. நம்ம குரல் அவர் காதுக்குப் போகலை. மேலே போனாலும் அதே கதைதான். ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 121 தலைமைப் பொறுப்புகளில் 106 'உயர்சாதி'யினரிடம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

1920இல் அம்பேத்கர் மூக்நாயக் தொடங்கியபோது, காசு தருகிறோம் என்றும் விளம்பரம் போட கேசரி மறுத்தது. சொந்தப் பத்திரிகை வேணும். 1907லேயே அயோத்திதாசர் நடத்திக் காட்டினார். ஆனா கலெக்டர் மேஜையில் காலையில கிடப்பது தினசரிதான். ரெண்டும் வேணும்.

என்ன செய்யலாம்?

சம்பவத்துக்கு முன்னாடியே நிருபரைப் போய்ப் பாருங்க. அவர் எத்தனை மணிக்குச் செய்தி அனுப்புறார்னு தெரிஞ்சுக்குங்க. ரேஷன் கடை, விடுதிச் சாப்பாடுன்னு சின்னச் சேதிகளைக் கொடுத்துக்கிட்டே இருங்க.

வெறும் கையோட போகாதீங்க. முதல் தகவல் அறிக்கையின் நகல், தேதி, பிரிவு வேணும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டாங்களா? விதிப்படி ஏழு நாளுக்குள் நிவாரணம் வந்ததா? இந்தக் கேள்விகளை எடுத்துக் கொடுத்தா, 'மோதல்' என்ற சொல் தானா உதிரும்.

கூட்டிச் சொல்லாதீங்க. அஞ்சு குடிசை எரிஞ்சா அஞ்சுதான். பத்துன்னு சொன்னா, அடுத்த தடவை உண்மையும் எடுபடாது. தெரியாததை 'விசாரிச்சுச் சொல்றேன்' என்று சொல்லுங்க, சொன்னபடி சொல்லுங்க.

பாதிக்கப்பட்டவங்க சம்மதமில்லாம நிருபரை வீட்டுக்குக் கூட்டிப் போகாதீங்க. பாலியல் வன்முறைன்னா பேர், படம் வெளியே போகக் கூடாது, சட்டமே தடுக்குது.

கவர் கொடுக்காதீங்க. காசுக்கு எழுதுற பேனா, கூடக் கொடுக்குறவன் பக்கம் போயிடும். தப்பா வந்தா நிருபரோட சண்டைக்குப் போகாம, ஆதாரத்தோட ஆசிரியருக்கு எழுதுங்க.

இது கெஞ்சல் இல்லை. நாம கேட்பது இரக்கமும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதணும், அவ்வளவுதான். மாணவத் தோழர்களே, உங்கள்ல சிலர் இதழியல் படிச்சு அந்த மேஜையில போய் உட்காரணும். சேதி கொடுக்குற கை மட்டுமில்ல, தலைப்புப் போடுற கையும் நம்ம கையா இருக்கணும்.